சுத்தியலா, கட்டிலா?

சாரதியின் ஓட்டத்தையும் வேலையையும் ஓய்வையும் நிமிடக் கணக்கில் பதிகிற கருவிதான் ரக்கோ (tachograph). லொறி நின்றவுடன் அது தானாகவே சுத்தியல் குறிக்குப் போய்விடும். குறுக்காக வைத்த இரண்டு சுத்தியல் என்றால் 'வேறு வேலை'. சில்லு உருளும்போது ஸ்டியரிங் வட்டம் தெரியும், அதை எவரும் மாற்ற முடியாது. மிச்சம் இரண்டு குறியும் என் விரலில் இருப்பவை. ஒன்று கட்டில், ஓய்வுக்கு. மற்றது குறுக்கே ஒரு கோடு இழுத்த பெட்டி. சட்டத்தில் அதற்கு நீளமான பெயர் உண்டு, நாங்கள் பிஓஏ என்போம். வேலையும் செய்யவில்லை, ஓய்வும் எடுக்கவில்லை, கூப்பிட்டால் எழும்பிப் போகத் தயாராக இருக்கிறேன் என்பதுதான் அந்தப் பெட்டி.

இங்கிலாந்தில் லொறி ஓட்டுகிற எங்களுக்கு ஒரு நாளில் எத்தனையோ தடவை அந்தப் பொத்தானில் விரல் போகும். முதல் மூன்று வருடமும் நான் யோசிக்காமல் அமத்தினேன். லொறி நின்றால் கட்டில். அவ்வளவுதான். அலுவலகத்தில் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள், கூட ஓடியவர்களும் அப்படித்தான் செய்தார்கள். அது தவறு என்று எனக்கு விளங்க வைத்தது ஒரே ஒரு விடியற்காலை. அதை எழுதி வைக்க வேண்டும் என்று கன நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைய நிமிடக் கணக்கு இப்போதும் என்னிடம் இருக்கிறது. ரக்கோ துப்பிய கடதாசிச் சுருளைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அந்தக் கடதாசி வெயிலில் மங்கிவிடும் என்று தெரிந்ததால் எடுத்தது. விடிய 4 மணிக்கு யார்டில் ரக்கோவுக்குள் என் சாரதி அட்டையை, அதாவது காட்டை (card), செருகினேன். குளிரூட்டி றெயிலர், மரத்தட்டில் அடுக்கிய சாமான் 26 பலெற். மிட்லண்ட்ஸில் ஒரு பெரிய விநியோகக் கிடங்கில் 7 மணிக்கு புக்கிங். 6:50க்கு வாசலில் நின்றேன். யன்னலுக்குப் பின்னால் இருந்தவர் ஒரு பசரைக் கையில் தந்து, அது அடித்தால் உடனே பேக்கு (bay), அதாவது சாமான் இறக்கும் இடத்துக்கு, வர வேண்டும், பிந்தினால் முறை போய்விடும் என்றார். எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன். எப்பவும் அடிக்கலாம் என்றார்.

7:02க்குக் கட்டிலை அமத்தினேன்.

பசரை டாஷ்போர்ட்டில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரைச்சீலையை இழுத்து மூடவில்லை. சப்பாத்தைக் கழற்றவில்லை. பிளாஸ்கில் இருந்த தேத்தண்ணியைக்கூடப் பாதிக் கோப்பைதான் ஊற்றினேன், குடித்துக்கொண்டிருக்கும்போது அடித்துவிடுமோ என்று. முதுகுக்குப் பின்னால் றெயிலரின் குளிரூட்டி இயந்திரம் பத்து நிமிடத்துக்கு ஒருக்கா உறுமிவிட்டு ஓயும். இரண்டு தடவை இறங்கிப் போய் யன்னலில் கேட்டேன். இன்னும் கொஞ்சம் என்றார்கள். 9:10க்குப் பசர் அடித்தது. பின்பக்கமாகப் பேக்குள் விட்டு, திறப்பை அலுவலகத்தில் கொடுத்து, பத்திரங்களைக் காட்டிவிட்டு வந்து 9:25க்குத் திரும்பவும் கட்டில்.

பேயில் நிற்கிற லொறிக்குள் இருந்தவர்களுக்குத் தெரியும். ஃபோர்க்லிஃப்ட் றெயிலருக்குள் ஏறும்போது கபின் ஒருக்காக் குனியும், பலெற்றோடு இறங்கும்போது ஒருக்கா நிமிரும். 26 பலெற் என்றால் 26 தடவை. கண்ணை மூடிக்கொண்டு நான் அதை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்று, பன்னிரண்டு. பதினேழுக்குப் பிறகு நீண்ட நேரம் அசைவே இல்லை. ஏதும் பிரச்சினையோ, பலெற் ஏதும் உடைந்துவிட்டதோ என்று மனம் அங்கேயே போய் நிற்கும். 10:35க்குத்தான் இறக்கி முடித்தார்கள்.

வெளியே வந்ததும், எங்களுக்கு ஓட்டங்களை ஒதுக்குகிற பிளானரின் அழைப்பு. மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஓய்வு எடுத்திருக்கிறாய், முழுதாக நாலரை மணித்தியாலம் ஓட்டலாம், ஃபீலிக்ஸ்டோவில் ஒரு லோட் இருக்கிறது, நேரே போ என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய திரையில் அப்படித்தான் இருந்தது. நான் அமத்தியதுதான் அவருக்குத் தெரிந்தது.

ஏ14 நெடுஞ்சாலையில், ஹன்டிங்டனைத் தாண்டி, டயர் வீதியோரத்து வெள்ளைக் கோட்டில் ஏறியபோது வந்த அதிர்வுதான் என்னை எழுப்பியது. எத்தனை விநாடி கண் மூடியிருந்தேன் என்று தெரியாது. அந்தக் கோட்டில் மேடு வைத்திருப்பதே அதற்காகத்தான். அடுத்த லே-பையில் லொறியை நிறுத்திவிட்டு இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டு இருந்தேன், நடுக்கம் நிற்கும்வரை. பிறகு ஏன் என்று தெரியவில்லை, ரக்கோவில் அச்சுப் பொத்தானை அமத்தினேன். கடதாசி மெல்ல மெல்ல வெளியே வந்தது. கட்டில், 2 மணி 08 நிமிடம். ஸ்டியரிங், 4 நிமிடம். சுத்தியல், 11 நிமிடம். கட்டில், 1 மணி 10 நிமிடம்.

நான் அன்று யாரையாவது இடித்துக் கொன்றிருந்தால் இந்தக் கடதாசிதான் சாட்சி சொல்லியிருக்கும். சாரதி 3 மணித்தியாலம் 18 நிமிடம் ஓய்வு எடுத்திருக்கிறார், களைப்புக்குக் காரணமே இல்லை என்று. அந்தச் சாட்சியத்தை என் விரலாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன். லொறியின் வேகம் அந்தப் பெட்டிக்குத் தெரியும். நான் படுத்தேனா, பசரைப் பார்த்துக்கொண்டு இருந்தேனா என்பது அதற்குத் தெரியாது. அதை நான்தான் சொல்ல வேண்டும்.

அன்று பின்னேரம் ஒரு அண்ணைக்கு எடுத்தேன். 90களிலிருந்து இங்கே லொறி ஓடுகிறவர். என்னை இந்த வேலைக்குக் கூட்டிக்கொண்டு வந்தவரும் அவர்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தம்பி, உன்னைப் படுக்க விட்டவங்களோ?"

"இல்லை அண்ணை. எப்பவும் அடிக்கலாம் எண்டவங்கள்."

"பேந்தென்ன கட்டில்?"

"எல்லாரும் அப்பிடித்தானே அண்ணை போடினம்."

"எல்லாரையும் விடு. நீ படுத்தனியோ, இல்லையோ?"

சட்டத்தைப் பிறகு நானே தேடி வாசித்தேன். ஐந்து வருடத்துக்கு ஒருக்கா 35 மணித்தியாலம் வகுப்பில் இருக்கிறோம், இதைப் பற்றியும் படம் போட்டுக் காட்டினார்கள்தான். ஆனால் தேவைப்பட்டு வாசிக்கும்போதுதான் ஏறும். சாரதிகளின் ஓட்ட நேரத்துக்கும் ஓய்வுக்குமான 561/2006 என்ற விதி, பிறேக் என்றால் என்ன என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறது. அந்த நேரத்தில் ஓட்டவும் கூடாது, வேறு வேலையும் செய்யக்கூடாது, சாரதி தேறிக்கொள்வதற்கு மட்டுமே அது பயன்பட வேண்டும். 'மட்டுமே' என்ற சொல்லில்தான் முழு விஷயமும் இருக்கிறது. பசரைக் காவல் காத்த 2 மணி 08 நிமிடமும் அதற்குள் அடங்காது.

அப்படியென்றால் அது என்ன? இங்கேதான் 2005ஆம் ஆண்டின் வேலைநேர விதிகள் வருகின்றன. காத்திருக்கிற நேரம் பெட்டிக்குள், அதாவது பிஓஏக்குள் போக வேண்டுமென்றால், எவ்வளவு நேரம் ஆகும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். யார்டிலிருந்து புறப்படும்போது தெரிந்தாலும் சரி, காத்திருப்பு தொடங்குவதற்குச் சற்று முன்னர் யன்னலில் கேட்டுத் தெரிந்துகொண்டாலும் சரி. லொறியை விட்டுப் போகவும் சுதந்திரம் இருக்க வேண்டும், கூப்பிட்டால் மட்டும் திரும்பி வந்தால் போதும். ஒன்றரை மணித்தியாலம் ஆகும் என்று அவர்கள் சொல்லியிருந்தால் அது பெட்டி. நான் போய்ப் படுத்துத் தூங்கவும் முடியும், குறுக்கிடவே மாட்டார்கள் என்றால் கட்டில் என்றே போடலாம், அதிலே பிழை இல்லை. ஆனால் எவ்வளவு நேரம் என்று சொல்ல மாட்டோம், அசையாமல் தயாராக இரு என்றால் அது வேலை. சுத்தியல். லொறி நின்றவுடன் ரக்கோ தானாகப் போகிற இடத்திலேயே அதை விட்டிருந்தால் சரியாக இருந்திருக்கும். விரலை எடுத்துப் பொய்யாக்கியது நான்.

இதைச் சொன்னால் சில தம்பிமார், சுத்தியலில் விட்டால் மணித்தியாலம் எல்லாம் கரைந்துவிடுமே அண்ணா என்பார்கள். கரையும்தான். உண்மையாகவே கரைந்த மணித்தியாலம் அது. இன்னொன்றையும் அவர்கள் கவனிப்பதில்லை. எந்தப் பொத்தானை அமத்தினாலும் நாள் நிற்காது. 24 மணித்தியாலத்துக்குள் 11 மணித்தியாலம் நாளாந்த ஓய்வு வர வேண்டும். வாராந்த ஓய்வுகளுக்கு இடையில் மூன்று தடவை அதை 9 ஆகக் குறைக்கலாம். அப்படிப் பார்த்தால் காட் செருகியதிலிருந்து 13 மணித்தியாலம், கூடினால் 15. அவ்வளவுக்குள் நாள் முடிந்தாக வேண்டும். கிடங்கில் போன மூன்றரை மணித்தியாலமும் கட்டிலானாலும் பெட்டியானாலும் அந்த 15க்குள்தான் அடங்கும். கட்டில் என்று போட்டதால் எனக்கு ஒரு நிமிடம்கூட மிச்சமாகவில்லை.

மிச்சமாவது வேறு கணக்கில். வேலைநேரம் சராசரியாக வாரத்துக்கு 48 மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது, எந்த ஒரு வாரத்திலும் 60ஐத் தாண்டக்கூடாது. மற்றத் தொழிலாளர்கள் போல நாங்கள் கையெழுத்துப் போட்டு அந்த 48இலிருந்து விலகவும் முடியாது. கட்டிலும் பெட்டியும் அந்தக் கணக்கில் சேராது, சுத்தியல் சேரும். அதனால்தான் நிற்கிற நேரம் எல்லாம் கட்டில் என்று அலுவலகங்களில் சொல்லப்படுகிறது. கெட்ட எண்ணத்தோடு சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. கிடங்குக்காரர் நேரத்தைச் சாப்பிடுகிறார், அந்தச் செலவை யார் தலையில் கட்டுவது என்று தெரியாமல் அது கடைசியில் கபினுக்குள் வந்து விழுகிறது.

சுத்தியலில் விட்டால் இன்னொரு விதியும் உயிர் பெறும். ஓடினாலும் சுமந்தாலும் 6 மணித்தியாலத்துக்கு மேல் பிறேக் இல்லாமல் தொடர்ந்து வேலை செய்யக்கூடாது. அன்று 4 மணிக்குத் தொடங்கிய நான் 10 மணிக்கு முதல் கட்டாயம் உண்மையான பிறேக் எடுத்திருக்க வேண்டும். உண்மையை அமத்தியிருந்தால் அந்த விதியே என்னைப் படுக்க அனுப்பியிருக்கும்.

பிறேக்கும் லேசில் அமையாது. நாலரை மணித்தியாலம் ஓட்டினால் 45 நிமிடம் வேண்டும். பிரித்து எடுப்பதானால் முதலில் குறைந்தது 15, பிறகு குறைந்தது 30, அந்த ஒழுங்கில்தான். ஒரு நாள் கிடங்குக்கு வெளியே வரிசையில் நிற்கும்போது, எப்படியும் ஒரு மணித்தியாலம் அசையாது என்று காவலாளி சொன்னதை நம்பி, திரைச்சீலையை மூடிப் படுத்தேன். 41ஆவது நிமிடத்தில் யன்னலில் தட்டினார்கள். முன்னால் ஒரு லொறி போய்விட்டது, நீயும் முன்னுக்கு எடு. 4 நிமிடம் பொறுங்கள் என்று கெஞ்சினேன், பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். எடுத்தேன். ஒரு லொறி நீளத்துக்கு எடுத்தது 41 நிமிடத்தை 15ஆகச் சுருக்கிவிட்டது. இனி எங்காவது இன்னும் 30 நிமிடம் நிற்க வேண்டும், நிற்க இடம் கிடைத்தால். அந்தக் காவலாளிக்கு இது எதுவும் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் வரிசைகளை நடத்துகிறவர்களுக்கு யாராவது இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று இன்றுவரை மனம் ஆறவில்லை.

2020 டிசம்பர் 20ஆம் திகதி பிரான்ஸ் எல்லையை மூடியபோது கென்ற்றில் எம்20 வீதியிலும் மான்ஸ்டன் விமானத் தளத்திலும் ஆயிரக்கணக்கான லொறிகள் நத்தார் நாளிலும் நின்றன. நான் அந்த வரிசையில் இல்லை. படங்களைப் பார்த்தபோது என் கண் போனது கபின்களுக்குத்தான். அத்தனை பேரும் எந்தக் குறியில் இருந்திருப்பார்கள்? அடுத்த நிமிடம் அசையுமோ என்று பார்த்துக்கொண்டிருக்கிறவருக்குக் கட்டில் எங்கே வரும்?

அண்ணை தொடங்கிய காலத்தில் ரக்கோவுக்குள் வட்டக் கடதாசி போடுவார்கள். மெழுகு பூசிய தட்டில் ஊசி கீறிக்கொண்டு போகும், ஒரு வட்டத்துக்கு ஒரு நாள். 2006க்குப் பிறகு பதிவான புதிய லொறிகளில்தான் இப்போதைய காட் வந்தது. அதற்கும் முந்திய கதையை அவர் பழைய வெள்ளைக்காரச் சாரதிகளிடம் கேட்டிருக்கிறார். 70களில் இந்தக் கருவியை பிரித்தானியாவுக்குக் கொண்டுவரப் பார்த்தபோது தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன, 'கபினுக்குள் ஒரு உளவாளி' என்று. 1979இல் ஐரோப்பிய நீதிமன்றம் பிரித்தானியாவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்ன பிறகுதான், 1981 முடிவில் அது முழுதாகக் கட்டாயமானது. அந்தச் சாரதிகளின் கோபம் எனக்கு விளங்குகிறது. உன்னை நம்பவில்லை என்று ஒரு பெட்டி பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டே இருந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் ஏ14க்குப் பிறகு நான் அதை அப்படிப் பார்ப்பதில்லை. என் பக்கம் பேசக்கூடிய சாட்சி கபினுக்குள் அது ஒன்றுதான். அதற்கு நானே பொய்யைப் பழக்கினால், எனக்குத் தேவைப்படும் நாளில் அது எனக்காகப் பேசாது.

வீதியில் மறித்துச் சோதிக்கிற டிவிஎஸ்ஏ அதிகாரிகள், நாட்டுக்குள் மட்டும் ஓடுகிறவர்களிடம் அன்றைய நாளோடு முந்திய 28 நாளையும் கேட்பார்கள். 2018 மார்ச்சிலிருந்து பழைய மீறல்களுக்கும் அந்த இடத்திலேயே தண்டம் எழுதலாம். சாரதிமார் அதற்குத்தான் பயப்படுகிறார்கள். என் பயம் வேறு. கிடங்கில் போலியாகப் போட்ட கட்டில் அவர்கள் கண்ணில் படவே படாது. பார்க்க ஒழுங்காக இருக்கும், எந்த மீறலும் காட்டாது. அதுதான் ஆபத்து.

அடுத்த வாரமே பிளானரிடம் நேரில் போய்ச் சொன்னேன். எவ்வளவு நேரம் என்று சொல்லாத இடத்தில் நான் சுத்தியலில்தான் நிற்பேன் என்று. சந்தோஷப்படவில்லை. இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த மாதம் என் மணித்தியாலம் 48க்கு மேலே ஏறிக்கொண்டு போனதைப் பார்த்து, என் ஓட்டங்களைக் குறைக்க வேண்டி வந்தது, சம்பளமும் அதற்கேற்பக் குறைந்தது. வீட்டில் அதைச் சொல்வது லேசாக இருக்கவில்லை. ஆனால் கொஞ்ச நாளில் அதே பிளானர் என்னைக் கூப்பிட்டு, அந்தக் கிடங்கில் நின்ற நேரங்களின் அச்சுக் கடதாசி எல்லாம் இருக்கிறதா என்று கேட்டார். வாடிக்கையாளரிடம் காத்திருப்புக் கட்டணம் கேட்கப் போகிறார்களாம். மற்றச் சாரதிகளின் பதிவுகளில் அந்த இடத்தில் எல்லாம் கட்டில். ஓய்வெடுத்த நேரத்துக்கு யாரும் கட்டணம் தர மாட்டார்கள். என் சுருள்களில் மட்டும்தான் சுத்தியல் இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு சின்னக் கொப்பி வைத்திருக்கிறேன். வந்த நேரம், யன்னலில் யாரைக் கேட்டேன் என்பதல்ல, என்ன பதில் வந்தது என்பது, பேக்குள் விட்ட நேரம், திறப்பு திரும்பக் கிடைத்த நேரம். கழிப்பறைக்கு விட்டார்களா என்பதையும் எழுதுகிறேன். வந்து போகிற சாரதிகளுக்கும் கழிப்பறை திறந்துவிட வேண்டும் என்பது இந்த நாட்டில் 1992இன் வேலைத்தல விதிகளிலேயே உள்ள கடமை. இருந்தும் மூடிய கதவுக்கு முன்னால் நின்ற நாட்கள் அந்தக் கொப்பியில் நிறைய. கழிப்பறைக்கே போக விடாத இடத்தில் நின்ற நேரத்தை ஓய்வு என்று எழுத என் விரல் இப்போது வளைவதில்லை.

சாரதிமார் எல்லாரும் யன்னலில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி 'எவ்வளவு நேரம்?' என்பதுதான். கேட்டால் எரிச்சல்படுவார்கள். பரவாயில்லை. கேட்கத் தொடங்கிய பிறகு நான் கண்டது, பாதிப் பேர் திரையைப் பார்த்துவிட்டு ஒரு கணக்குச் சொல்வார்கள். அதுவரை யாரும் கேட்காததால் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். ஒரு மணித்தியாலம் என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், பெட்டியை அமத்திவிட்டு இறங்கி நடக்கலாம், காலை நீட்டலாம். ஒன்றரை என்றால் திரைச்சீலையை மூடி, சப்பாத்தைக் கழற்றி, மணிக்கூட்டில் எலார்ம் வைத்துப் படுக்கலாம்.

போன கிழமை புதிதாக லைசன்ஸ் எடுத்த ஒரு தம்பி ஒரு கிடங்கு வாசலிலிருந்து எடுத்தான். வந்து 50 நிமிடமாகிறதாம்.

"அண்ணா, என்னத்திலை போடுறது? கட்டிலோ?"

"எவ்வளவு நேரம் எண்டு கேட்டனியோ?"

"கேக்கேல்லை."

"போய்க் கேள். கேட்டிட்டு எடு."

ஐந்து நிமிடத்தில் திரும்ப எடுத்தான். யன்னலில் இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, 10 மணிக்கு முதல் பே ஒன்றும் காலியாகாது, வந்து தட்டுவோம், அதுவரை போய்ப் படு என்றாவாம். அப்போது நேரம் 8:20. அவனுடைய குரலே மாறியிருந்தது. சப்பாத்தைக் கழற்றுகிற சத்தம் போனில் கேட்டது.